பிரிட்ஜெட் ஜோன்ஸ் நாலாவது படம்: முந்தின மூணையும் பார்த்தே ஆகணுமா?

திரைவாசல்:

2025ல வந்த ‘மேட் அபௌட் தி பாய்’ பார்க்கலாம்னு இருக்கேன். பிரிட்ஜெட்ங்கற லண்டன் பெண்ணோட காதல் நகைச்சுவைப் பட வரிசை இது, இதுல நான் பார்த்தது 2001ல வந்த முதல் படம் மட்டும்தான். அது நல்லா ஞாபகம் இருக்கு. நடுவுல வந்த ரெண்டையும் தொட்டதே இல்ல. எல்லாத்தையும் வரிசையா பார்த்துட்டுத்தான் இதுக்கு வரணுமா, இல்ல நேரா உட்காரலாமா?

இன்னும் சில குழப்பம். மூணாவது படத்துல அவளோட பழைய காதலன் டேனியல் க்ளீவர் செத்துட்டான்னு எங்கயோ படிச்சேன். ஆனா நாலாவதோட டிரெய்லர்ல அவனா நடிக்கிற ஹியூ கிராண்ட் ஜம்முனு உட்கார்ந்திருக்கார். நாயகன் மார்க் டார்சி செத்துட்டார்ங்கறாங்க, ஆனா நடிகர் பட்டியல்ல அவரா நடிக்கிற காலின் ஃபர்த் பேர் இருக்கு. இந்தப் படத்துக்கு மூலமான நாவல் மூணாவது படத்துக்கு முன்னாடியே வந்துடுச்சாமே, அப்ப கதை எப்படி ஒட்டுது? கடைசியா, இது சிரிக்கிற படமா, அழுகிற படமா?

கதையை உடைச்சே சொல்லுங்க, பரவாயில்ல.

பின்வரிசை:

நீங்களே சம்மதிச்சதால தயங்காம உடைக்கிறேன். முதல் படத்தை இன்னொரு தடவை ஓட்டுங்க, மூணாவதைக் கட்டாயம் பாருங்க, ரெண்டாவதை விட்டுடலாம்.

நேரக் கணக்கு: முதல் படம் 97 நிமிஷம், ரெண்டாவது 108, மூணாவது 123, நாலாவது சுமார் 125. நாலையும் பார்த்தா ஏழரை மணி நேரம். ரெண்டாவதைக் கழிச்சா ஆறு மணிக்குள்ள அடங்கிடும், ரெண்டு ராத்திரிக்குப் பிரிச்சுக்கலாம். முதல் ராத்திரி ஒண்ணும் மூணும், அடுத்தது நாலாவது மட்டும். நாலாவதை இன்னொரு படத்தோட சேர்த்து ஒரே மூச்சில பார்க்காதீங்க, காரணம் கீழே.

2016ல வந்த மூணாவதை (‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’ஸ் பேபி’) ஏன் விடக்கூடாது? நாலாவதுல வர்ற மூணு பேருக்கு வேர் அங்கதான் இருக்கு. பிரிட்ஜெட்டோட பையன் பில்லி அந்தப் படத்துல பிறந்த வில்லியம்தான். டிவி செய்தி அறையில பிரிட்ஜெட்டுக்குத் தோழியா இருக்கிற மிராண்டா (சாரா சொலெமனி) அந்தப் படத்துலதான் அறிமுகம். மகப்பேறு மருத்துவர் ராலிங்ஸும் அப்படியே. ராலிங்ஸா நடிச்ச எம்மா தாம்ப்சன் அந்தத் திரைக்கதையை எழுதினவங்கள்ல ஒருத்தர், தனக்குத் தானே அருமையான வசனமா எழுதிக்கிட்டார்னு பேச்சு. நாலாவதுல அவர் வர்றது கொஞ்ச நேரம்தான், ஆனா ஆள் யாருன்னு தெரியாம பார்த்தா அந்தக் காட்சிகள் பாதிதான் ருசிக்கும்.

டேனியல் விஷயம். மூணாவது படம் ஆரம்பிக்கிறதே அவனுக்கு நடக்கிற இரங்கல் கூட்டத்துலதான். விமான விபத்துல போயிட்டான்னு எல்லாரும் நம்புறாங்க. படம் முடியறப்ப ஒரு செய்தித்தாள் வரும், அதுல அவன் உயிரோட கிடைச்ச செய்தி. அந்த ஒரு ஷாட்டைத் தவறவிட்டவங்கதான் ‘செத்தவன் எப்படி வந்தான்’னு கேட்கிறாங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் எழுந்திருக்காதீங்க.

மார்க் நிஜமாவே இறந்துட்டார். நாலாவது கதை தொடங்கறப்ப நாலு வருஷம் ஆயிடுச்சு. சூடான்ல மனிதாபிமானப் பணிக்குப் போன இடத்துல கொல்லப்பட்டார். காலின் ஃபர்த் பிரிட்ஜெட்டோட மனக்கண்ல தோன்றுற ஆளா சில காட்சிகள்ல வர்றார். முதல் சில நிமிஷத்துலயே, அவளோட சேர்ந்து விருந்துக்குப் போறவர் மாதிரி காட்டி, அப்புறம்தான் அவர் இல்லைங்கறதைப் படம் உணர்த்தும். இந்தச் சாவு திடீர்னு ஒட்டவெச்சதா தெரியக்கூடாதுன்னா முதல் படத்துல ஒரு இடத்தை இன்னொரு தடவை கவனிங்க. நீதிமன்ற வாசல்ல ஒரு வழக்கைப் பத்தி மார்க் பிரிட்ஜெட்டுக்கு மட்டும் பேட்டி கொடுப்பாரே, அந்த இடம். அவர் மனித உரிமை வழக்கறிஞர்ங்கறது அங்கதான் நிலைநிறுத்தப்படுது. ஆபத்தான இடத்துக்கு அவர் போனதுக்கு வேற காரணம் தேட வேண்டியதில்ல.

2004ல வந்த ரெண்டாவது (‘தி எட்ஜ் ஆஃப் ரீசன்’) என்ன செய்யுதுன்னா, முதல் படம் சேர்த்துவெச்ச ஜோடியைப் பிரிச்சு, பனிச்சறுக்கு, தாய்லாந்து, சிறைன்னு சுத்தவிட்டு, திரும்பச் சேர்த்துவெக்குது. மூணாவது தொடங்கறப்ப அவங்க மறுபடியும் பிரிஞ்சுதான் இருக்காங்க, மார்க் வேற ஒருத்தியைக் கட்டியிருக்கார். ஆக ரெண்டாவதோட முடிவு எந்தப் படத்துக்கும் தேவைப்படல. நாலாவதுக்குச் சுத்தமா தேவையில்ல.

சிரிப்பா அழுகையா? முதல் முப்பது நிமிஷம் துக்கம் தூக்கலா இருக்கும், நடுப்பகுதி கலகலப்பு, கடைசிப் பகுதி ரெண்டும் கலந்தது. பழைய படங்களோட வேகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவங்க முதல் அரை மணிலயே நிறுத்திட்டதா நிறைய எழுதியிருக்காங்க. வேற படம் பார்த்துச் சிரிச்ச கையோட இதைப் போடாதீங்கன்னு சொன்னது இதுக்காகத்தான்.

தாள்வாசி:

நாவல் கேள்விக்கு நான் வர்றேன். இங்கே ரொம்ப பேர் படத்தின் வரிசைதான் புத்தகத்தின் வரிசை என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஹெலன் ஃபீல்டிங் 1995இல் ஒரு லண்டன் நாளிதழில் பத்தியாக எழுதத் தொடங்கியதுதான் இது. முதல் நாவல் 1996, இரண்டாவது 1999. மூன்றாவதாக 2013இல் வந்ததுதான் ‘மேட் அபௌட் தி பாய்’. குழந்தை பிறக்கும் கதை புத்தகமாக வந்தது 2016இல், அதாவது நான்காவதாக. கதைக்காலத்தில் முன்னால் நடப்பது, அச்சில் பின்னால் வந்தது. படமாக எடுத்தவர்கள் காலவரிசைப்படி குழந்தையை முதலில் எடுத்து, விதவைக் கதையை ஒன்பது வருடம் கழித்து எடுத்தார்கள். வாசிப்பதானால் 1996, 1999, 2016, 2013 என்று போனால் கதை நேராக ஓடும். ஆனால் 2013 நாவலை எழுதும்போது 2016 புத்தகம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் இடையில் சின்னச் சின்ன முரண்கள் தட்டுப்படும், அதைத் தோண்டிக்கொண்டிருந்தால் வாசிப்பு நகராது.

மூன்றாவது படத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புத்தகத்தில் குழந்தைக்கு அப்பா மார்க்கா டேனியலா என்பதுதான் கேள்வி. படத்தில் ஹியூ கிராண்ட் நடிக்காததால் ஜாக் க்வான்ட் என்று ஓர் அமெரிக்கப் பணக்காரரைப் புதிதாகப் படைத்து, பாட்ரிக் டெம்ப்ஸியைப் போட்டார்கள். டேனியலுக்கு இரங்கல் கூட்டம் வைத்ததும் அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான். கதவைச் சாத்தாமல் செய்தித்தாள் காட்சியை வைத்தது புத்திசாலித்தனம். அது இல்லாவிட்டால் நான்காவது படத்தின் சிறந்த பாதி போயிருக்கும்.

இனி நான்காவது. நாவலில் மார்க் இறப்பது சூடானின் டார்ஃபூரில், கண்ணிவெடியில், கதை தொடங்குவதற்கு ஐந்து வருடம் முன்பு. படத்தில் சூடான் என்பது அப்படியே, வருடம் நான்கு. நாவலில் பிரிட்ஜெட்டுக்கு 51 வயது. அவள் ஒரு பழைய நார்வே நாடகத்தை இந்தக் காலத்துக்கு மாற்றித் திரைக்கதையாக எழுதிக்கொண்டிருப்பாள், பட நிறுவனத்தோடு அவள் படும் பாடு ஒரு கிளைக்கதை. படம் அதை முழுக்க வெட்டிவிட்டு அவளைத் திரும்ப டிவி வேலைக்கு அனுப்புகிறது. எனக்கு இது சரியான வெட்டு. எழுதுபவள் வீட்டிலேயே இருப்பாள், திரையில் அவளுக்கு ஆட்கள் வேண்டும்.

தன்னைவிட ரொம்ப இளையவனான காதலன் ராக்ஸ்டரை நாவலில் அவள் சந்திப்பது ட்விட்டரில். பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து மருகுவது நாவலின் பெரிய நகைச்சுவைச் சரடு. 2013இல் அது புதிது, 2025இல் செல்லாது. அதனால் படத்தில் லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்காவில் பிள்ளைகளோடு மரத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவளை அவன் வந்து பார்க்கிறான். அதே மரத்தடிக்குத்தான் பில்லியின் பள்ளி ஆசிரியர் வாலக்கரும் வருகிறார். ஒரே காட்சியில் இரண்டு நாயகர்களையும் அறிமுகப்படுத்திய சிக்கனம் நாவலில் கிடையாது. நாவலின் வாலக்கர் ராணுவப் பின்னணி கொண்ட, விசிலும் விறைப்புமான ஆசிரியர். படத்தில் அவர் அறிவியல் ஆசிரியர். விசில் மட்டும் மிச்சம். அந்த மாற்றத்தால்தான், அப்பாவை இழந்த பில்லியிடம் அவர் இறப்பைப் பற்றி அறிவியல் வழியாகப் பேசும் காட்சி கிடைத்தது. வேறு எந்தப் பாடம் நடத்துபவருக்கும் அதைக் கொடுத்திருக்க முடியாது.

இடைவேளை:

எல்லாரும் இவ்வளவு பாராட்டறதால எதிர்க்கட்சிக்கு நான் வர்றேன். படம் மோசமில்ல. ஆனா காலம் கடந்து வர்ற தொடர்ச்சிப் படங்களுக்கே உண்டான ரெண்டு வியாதி இதுலயும் இருக்கு.

ஒண்ணு, வருகைப் பதிவேடு. ஷாஸா, ஜூட், டாம், மிராண்டா, ராலிங்ஸ், ரிச்சர்ட் ஃபின்ச், ஊனா, அம்மான்னு பழைய முகம் ஒவ்வொண்ணும் வந்து தலையைக் காட்டிட்டு ஒரு வசனம் பேசிட்டுப் போகணும். அதுக்கு மேல புதுசா தோழி தலிதா, ஆயா க்ளோயி, பக்கத்து வீட்டு ரெபெக்கா, பள்ளிக்கூடத்து அம்மாக்கள். 125 நிமிஷத்துல இத்தனை பேருக்குப் பங்கு போட்டா யாருக்கும் முழுச் சாப்பாடு கிடைக்காது. ஐலா ஃபிஷர் மாதிரி ஒரு நகைச்சுவை நடிகையைப் பக்கத்து வீட்டுல குடிவெச்சுட்டு ஒண்ணும் செய்யாம விட்டது எனக்கு ஆறவே இல்ல. நண்பர் கூட்டத்தை முதல் படத்துல மூணு பேரோட நிறுத்தினதாலதான் ஒவ்வொருத்தரும் இன்னிக்கும் மனசுல நிக்கிறாங்க.

ரெண்டாவது, நிறை தப்பின முக்கோணம். இந்த வரிசையோட அடிப்படைக் கணக்கு ஒரு பெண், ரெண்டு ஆண். ஒருத்தன் பார்த்ததும் பிடிக்கிறவன், இன்னொருத்தன் பார்த்ததும் பிடிக்காதவன். ரெண்டாமவன்தான் சரியானவன்னு அவளுக்குப் புரியறதுதான் கதை. 1813ல வந்த ஜேன் ஆஸ்டினோட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவல்லேர்ந்து எடுத்த கணக்கு அது, முதல் படம் அதை மறைக்கவே இல்ல. நாயகனுக்கு டார்சின்னே பேர் வெச்சு, 1995ல அந்த நாவலோட பிபிசி தொடர்ல அதே டார்சியா நடிச்ச காலின் ஃபர்த்தையே கூட்டிட்டு வந்தாங்க. நாலாவதுலயும் கணக்கு அதேதான். ஆனா ராக்ஸ்டர் நடுப்பகுதி முழுக்க எடுத்துக்கறார், வாலக்கர் அதுவரைக்கும் பள்ளிக்கூட வாசல்ல விசில் ஊதிட்டு நிக்கிறார். பள்ளிச் சுற்றுலாவுல லேக் டிஸ்ட்ரிக்ட் போற வரைக்கும் அவருக்கும் பிரிட்ஜெட்டுக்கும் நிதானமா பேசற காட்சி ஒண்ணு தேறாது. வாலக்கரா நடிக்க சிவெடெல் எஜியோஃபோர் மாதிரி நடிகர் இருந்ததால ஓட்டை அடைபட்டுது. எழுத்துல ஓட்டை இருக்கு.

சரி, ஒண்ணை ஒத்துக்கறேன். ராக்ஸ்டரை வில்லனாக்கலை. சொல்லாம கொள்ளாம காணாமப் போவான், திரும்பி வருவான், அவள் பொறுமையா வேண்டாம்பாள். இளைஞனை அசிங்கப்படுத்தி மூத்தவளை ஜெயிக்கவெக்கிற மலிவான வழி கைக்கெட்டுற தூரத்துல இருந்தும் எடுக்கலை. ராக்ஸ்டரா நடிச்ச லியோ வுடால் பிறந்த வருஷமும் முதல் நாவல் வந்த வருஷமும் ஒண்ணு, 1996. நடிகர் தேர்வு பண்ணினவங்க இதைக் கணக்கு போட்டுத்தான் எடுத்தாங்களோ என்னவோ.

கடைசியா ஒரு போடு: வசூலைப் பாருங்க. படத்துக்குப் படம் இறங்கிட்டே வருது. இந்த வரிசைக்கு இனி எண்ணெய் இல்ல.

திரைவாசல்:

ரொம்ப நன்றி, ஒண்ணும் மூணும் நாலும்னு முடிவு பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. முன்னாடி வந்த எதையுமே பார்க்காத ஒருத்தர் கூட உட்கார்ந்து நாலாவதைப் பார்த்தா அவங்களுக்கு என்னென்ன சொல்லிவெக்கணும்? பதின்வயசுப் பிள்ளைங்க பக்கத்துல இருந்தா பிரச்சினையா?

பின்வரிசை:

எதுவுமே பார்க்காதவருக்கு முதல் படத்தையாவது காட்டிடுங்க, 97 நிமிஷம்தான். அதுவும் முடியாதுன்னா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம். டேனியல் பிரிட்ஜெட்டோட முன்னாள் மேலதிகாரி, முன்னாள் காதலன், அவளை ஏமாத்தினவன். மார்க்கும் அவனும் பழைய நண்பர்கள், மார்க்கோட முதல் மனைவியோட டேனியல் படுத்ததால அந்த நட்பு முறிஞ்சுது. முதல்ல அதைத் தலைகீழா மாத்தி, மார்க்தான் தனக்குத் துரோகம் செஞ்சான்னு பிரிட்ஜெட்கிட்ட டேனியல் பொய் சொல்லியிருந்தான். ரெண்டு பேரும் தெருவுல கட்டிப்புரண்டு ஒரு கிரேக்க உணவகத்துக்குள்ள போய் விழுவாங்க. அப்படிப்பட்ட டேனியல்தான் நாலாவதுல மார்க்கோட பிள்ளைங்களைப் பார்த்துக்க வந்து உட்கார்ந்திருக்கான். இந்தப் பின்னணி தெரியாம பார்த்தா அவன் வெறும் வேடிக்கையான மாமா. தெரிஞ்சு பார்த்தா, செத்த எதிரியோட வீட்டுல அவன் காவல் இருக்கிறது வேற மாதிரி இறங்கும். பிள்ளைங்களுக்கு காக்டெய்ல் கலக்கச் சொல்லித்தந்து நம்மைச் சிரிக்கவெச்ச அதே ஆள், பின்னாடி ஆஸ்பத்திரிப் படுக்கையில, தன் மகனோட உறவே இல்லாம போயிட்டதைப் பத்திப் பேசறப்ப எடுபடறது இதனாலதான்.

அப்பாவைப் பத்தியும் ஒரு வரி சொல்லுங்க. ஜிம் பிராட்பென்ட் நாலாவதுல கொஞ்ச நேரமே வர்றார், நினைவுக் காட்சியில. ஆனா உயிர் தரிச்சிருந்தா மட்டும் போதாது, வாழணும்னு மகள்கிட்ட அவர் வாங்கற உறுதிமொழிதான் படத்தை நகர்த்துது. முதல் படத்துல, பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்ப மகளோட தனியா உட்கார்ந்திருந்த அந்த மனுஷன்தான் இவர்னு தெரிஞ்சா கூடுதலா உறைக்கும்.

பிள்ளைங்க விஷயம். பிரிட்டன்ல நாலு படமும் 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குன்னு சான்று வாங்கினவை, அமெரிக்காவுல நாலுக்கும் ஆர் (17 வயசுக்குக் கீழன்னா பெரியவங்க துணை வேணும்). நாலாவதுல உடலுறவுப் பேச்சு வெளிப்படையா இருக்கும், படுக்கையறைக் காட்சி உண்டு, கெட்ட வார்த்தை தாராளம். வன்முறை கிடையாது. 15 வயசுக்குக் கீழன்னா விட்டுடுங்க. அதைவிட முக்கியம், சமீபத்துல அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை கூட இருந்தா முதல்ல நீங்க தனியா பார்த்துட்டு முடிவெடுங்க. பில்லியோட துக்கம் படத்துல ஓரமா நிக்கலை, பாதிக் கதை அதுதான். ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ற வெள்ளை ஆந்தையைப் பிள்ளைங்க பார்க்கிற காட்சிகளும் அப்படித்தான்.

சப்டைட்டில் போட்டுக்குங்க. டேனியல் பேசறதுல பாதி வாய்க்குள்ளயே போகும், நல்ல கிண்டல் எல்லாம் அந்தப் பாதியிலதான் இருக்கு.

ரீல்பெட்டி:

இடைவேளை சொன்ன வசூல் கணக்கை அப்படியே விட மனசு வரல. வசூல் இறங்கினது சரி, அதிலேர்ந்து எடுத்த முடிவு தப்பு.

உலக வசூல் தோராயமா இப்படி: முதல் படம் 28 கோடி டாலர், ரெண்டாவது 26 கோடி, மூணாவது 21 கோடி, நாலாவது 14 கோடி. பார்த்தா சரிவுதான். ஆனா நாலாவது அமெரிக்கத் திரையரங்குகளுக்கே போகல. அங்க 2025 பிப்ரவரி 13 அன்னிக்கு நேரா பீகாக் ஓடிடியில விட்டாங்க. பிரிட்டன்லயும் மத்த நாடுகள்லயும் அதே வாரம் திரையரங்கு. ஆக முதல் மூணு படத்துல அமெரிக்கா உண்டு, நாலாவதுல இல்ல. ஒரே தராசுல நிறுத்த முடியாது.

ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு அமெரிக்க வசூலை மட்டும் தனியா எடுத்தா புரியும். முதல் படம் அங்க 7 கோடியே சொச்சம், ரெண்டாவது 4 கோடி, மூணாவது 2.4 கோடி டாலர். அதாவது மூணாவதோட மொத்தத்துல அமெரிக்கா ஒன்பதுல ஒரு பங்குதான். அந்தப் பங்குக்காக நாடு முழுக்க விளம்பரம் பண்ணித் திரையரங்கு பிடிக்கிற செலவு கட்டுப்படியாகாதுன்னு நினைச்சிருப்பாங்க. அமெரிக்காவைக் கழிச்சுட்டுப் பாருங்க: மூணாவது சுமார் 19 கோடி, நாலாவது 14 கோடி. இறக்கம்தான், ஆனா விழுந்துடுச்சுன்னு சொல்ற அளவு இல்ல. தயாரிப்புச் செலவு 5 கோடி டாலர்னு சொல்லப்படுது, திரையரங்கு வசூலோட ஓடிடியால கிடைக்கிறதும் சேரும்.

இதே வகையில இன்னொரு வரிசையோட ஒப்பிட்டா வித்தியாசம் பளிச்சுனு தெரியும். ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ 2002ல வெறும் 50 லட்சம் டாலர்ல எடுத்து உலகம் முழுக்க 36 கோடிக்கு மேல வாரினது. ரெண்டாவது 2016ல, சுமார் 9 கோடி. மூணாவது 2023ல, 4 கோடியைத் தொடல. அந்த மூணாவதுலயும் அப்பா பாத்திரம் இறந்துட்டதாத்தான் கதை, அவரா நடிச்ச மைக்கேல் கான்ஸ்டன்டைன் 2021ல காலமாயிட்டார். ஆனா அங்க அந்த இழப்பு கிரீஸுக்குக் கிளம்ப ஒரு சாக்கு மட்டும்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் துக்கம் ஓரமா ஒதுங்கி, கூத்தும் கல்யாணமும் இடத்தைப் பிடிச்சுக்குது. பிரிட்ஜெட்டுல அப்படியில்ல. மார்க் இல்லாம ஒரு காட்சியும் நகராது, வாலக்கரை அவள் ஏத்துக்கறதும் மார்க்கை ஓரங்கட்டி நடக்கல.

எழுத்து சம்பந்தமா இன்னொண்ணு. நாலு படத்துக்கும் திரைக்கதையில ஃபீல்டிங் பேர் இருக்கு. கூட இருந்தவங்கதான் மாறிட்டே வந்தாங்க: முதல் ரெண்டுல ஆண்ட்ரூ டேவிஸும் ரிச்சர்ட் கர்ட்டிஸும், ரெண்டாவதுல கூடுதலா ஆடம் புரூக்ஸ், மூணாவதுல டான் மேஸரும் எம்மா தாம்ப்சனும், நாலாவதுல மேஸரும் அபி மார்கனும். இயக்கம் ஒண்ணும் மூணும் ஷரோன் மகுவையர், ரெண்டாவது பீபன் கிட்ரான், நாலாவது மைக்கேல் மோரிஸ். இவருக்கு முன்னாடி வந்த படம் ‘டு லெஸ்லி’, குடியால எல்லாத்தையும் தொலைச்ச ஒரு தாயோட கதை. நகைச்சுவை இயக்குநரை விட்டுட்டு அவரைக் கூப்பிட்டாங்கன்னா முதல் அரை மணி நேரம் ஏன் அப்படி இருக்குன்னு தனியா விளக்க வேண்டாம்.

இடைவேளை:

அமெரிக்கக் கணக்கு எனக்குத் தோணல, எண்ணெய் இல்லன்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன். பதிவேடு பத்திச் சொன்னதை எடுத்துக்க மாட்டேன்.

ஆனா ஒரு விஷயம் சேர்த்துக்கலாம். ரெண்டாவது, மூணாவது படம் ரெண்டுமே முந்தின படத்தோட முடிவை அழிச்சுத்தான் கதையை நகர்த்திச்சு. சேர்ந்தவங்க பிரிஞ்சுட்டாங்க, திரும்பச் சேரணும். மூணாவது தடவையும் பிரிச்சிருந்தா, இதுங்க சேர்ந்தா என்ன சேராட்டி என்னன்னு எழுந்து போயிருப்போம். சாவு வெச்சதால மூணாவதோட கல்யாணம் பொய்யாகல. நாவல் 2013ல வந்தப்ப மார்க்கைக் கொன்னதுக்கு வாசகர்கள் கொதிச்சாங்க. கதைக் கணக்குப்படி வேற கதவு ஃபீல்டிங்குக்குத் திறந்திருந்ததா எனக்குத் தெரியல.

முதல் மூணு படத்துலயும் ரெண்டு ஆண்கள் மோதுற காட்சி ஏதோ ஒரு வடிவத்துல உண்டு. மூணாவதுல அது அடிதடி இல்லாம, பிரசவ வலியோட இருக்கிறவளை மார்க்கும் ஜாக்கும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு ஓடறதா மாறிச்சு. நாலாவதுல மோதலே இல்ல. ராக்ஸ்டரும் வாலக்கரும் ஒருத்தரை ஒருத்தர் போட்டியாளரா நினைக்கக்கூட இல்ல. இதை நான் குறைன்னு சொல்லல, கவனிங்கன்னு சொல்றேன்.

தாள்வாசி:

முதல் படத்தைத் திரும்பப் பார்க்கப் போகிறவர் எதையெல்லாம் குறித்துக்கொண்டால் நான்காவதில் பலன் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. கதை தொடங்குவது புத்தாண்டு விருந்தில், மார்க்கின் மான் ஸ்வெட்டரோடு. நான்காவது முடிவதும் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில். சமையலில் அவள் படும் அவதி, நீல சூப் உட்பட. உள்ளாடைக் கிண்டல். கடைசியில் பனியில் அவள் ஓடும் ஓட்டம்.

இதில் சேராத ஒன்று ராக்ஸ்டர் தலிதாவின் விருந்தில் நாயைக் காப்பாற்ற நீச்சல் குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு ஏறி வருவது. அதன் மூலம் இந்த வரிசையிலேயே இல்லை. 1995 பிபிசி தொடரில் காலின் ஃபர்த் குளத்தில் நீந்திவிட்டு ஈரச் சட்டையோடு நடந்து வரும் காட்சியின் கிண்டல் அது. தொடரைப் பார்க்காதவர்கள் அந்தக் காட்சி ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று திகைப்பார்கள். அந்த ஒரு துணுக்கை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், போதும்.

பின்வரிசை:

பெயர்க் குழப்பம் ஒண்ணு மிச்சம் இருக்கு. நாலாவதுல வர்ற ரெபெக்கா பக்கத்து வீட்டுக்காரி. ரெண்டாவது படத்துல மார்க்கோட அலுவலகத்துல வேலை செய்ற ரெபெக்கா வேற ஆள், வேற நடிகை. ரெண்டாவதைத் தாண்டிப் போறதால எதையோ விட்டுட்டோமோன்னு நீங்க நிறுத்தித் தேட வேண்டாம். அப்புறம் பேர் ஓட ஆரம்பிச்சதும் அணைச்சுடாதீங்க, பழைய படங்களோட துணுக்குகளை அங்கதான் வெச்சிருக்காங்க.